பெருந்தீனிக்காரன்

பல் தந்தியடிக்கும் குளிரூரில் ஒரு வீடு. வீட்டைச் சூடாக்க ஹீட் பம்ப் வந்திறங்கிய அன்று, வாசல் ஃபியூஸ் வீட்டு மின்சாமான்களையெல்லாம் கூப்பிட்டது. வீட்டுக் கரண்ட் முழுக்க அதன் மெல்லிய கம்பி வழியாகத்தானே போயாக வேண்டும்? இழுப்பு கூடினால் எரிவது அதுதான்.

"அவங்கவங்களுக்கு எவ்வளவு கரண்ட் வேணும்? கூச்சப்படாம சொல்லுங்க," என்று கேட்டது.

"எனக்கென்னண்ணே, ஒரு வாய் போதும்," என்றது கீசர்.

"நான் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது," என்றது இஸ்திரிப்பெட்டி.

"நான் என்னிக்கோ ஒருநாள்தானே ஓடுறேன்," என்றது கிரைண்டர்.

"எனக்கு நிறைய வேணும்ணே. குளிர் கூடினா இன்னும் கூட வேணும். மெயின் வயரைப் பெருசா மாத்தச் சொல்லிடுங்க," என்றது ஹீட் பம்ப்.

"வந்த அன்னிக்கே வாயைப் பாருங்க!" என்று கீசர் நொடித்தது. ஃபியூஸுக்கும் அப்படித்தான் பட்டது. மற்றவர்கள்தான் எவ்வளவு அடக்கம்!

மறுநாள் சாயங்காலம், அன்றைக்கென்று பார்த்து, கீசரும் இஸ்திரிப்பெட்டியும் கிரைண்டரும் ஒன்றாகக் கிளம்பின. படாரென்று ஃபியூஸ் போனது. வீடே இருண்டது.

"எல்லாம் அந்தப் பெருந்தீனிக்காரனாலதான்!" என்று மூன்றும் கத்தின. கருகிக் கிடந்த ஃபியூஸும் ஆமாம் போட்டது.

ஹீட் பம்ப் வந்த அட்டைப்பெட்டியை இன்னும் யாரும் பிரிக்கவே இல்லை.