பன்னிரண்டு நாள் நோட்டு

பெரியவர்களும் சேர்ந்து படிக்கும் எங்கள் மாலை வகுப்பு விவாதத்தில் எது ஜெயிக்கிறதோ, அதுதான் எங்கள் வார்டுக்கு ஒரு மாதச் சட்டம். நேற்றைய கேள்வி, பூமி சூடாகிறதா என்பது. இல்லை என்று முடிவானால், வெயிலில் வேலை செய்பவர்களுக்கு நண்பகல் ஓய்வு கிடையாது.

சொந்தமாக அளந்ததை மட்டுமே பேசலாம் என்பது விதி. தினமும் பகல் ஒரு மணிக்கு மாடியில் வெப்பத்தை அளந்து எழுதியவள் நான் ஒருத்திதான். பன்னிரண்டு நாள் கணக்கு. முதல் நாள் 41 டிகிரி, நேற்று 34.

"நடுவுல மழ பேஞ்சுதே, அதான் எறங்கியிருக்கு," என்றார் ஆட்டோ ஓட்டும் தணிகைவேல் அண்ணன்.

"மழைய அளந்தீங்களா? இல்லல்ல, உக்காருங்க," என்றார் ஆசிரியர். எல்லோரும் சிரித்தார்கள்.

பன்னிரண்டு நாள் எப்படிப் போதும் என்று எனக்கும் தோன்றியது. சொன்னால் என்னையும் பார்த்துச் சிரிப்பார்களோ என்று எண்களை மட்டும் வாசித்தேன். பூமி சூடாகவில்லை என்று முடிவானது. ஜெயித்துவிட்டேன்.

அம்மா சாலை போடும் வேலைக்குப் போகிறாள். இன்று காலை, "மத்தியானம் மட்டும் நிக்காதம்மா," என்றேன்.

"நிக்கலன்னா வேலய விட்டுத் தூக்கிடுவான். சூடு கொறையுதுன்னு நீதானடி எழுதியிருக்க? நீ எழுதுனா தப்பா இருக்காது," என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் பாட்டிலோடு கிளம்பினாள்.

பதின்மூன்றாம் நாள், பகல் ஒரு மணி, 43 டிகிரி. இரண்டு முறை பார்த்துவிட்டேன். அடுத்த விவாதத்துக்கு இன்னும் இருபத்தொன்பது நாள் இருக்கிறது.