அவள் சொல்லாத வசவு

"யோவ் மரமண்டை! தலைமாட்டுல டிக்கு டிக்குன்னு அடிக்குது, நீ காலடியில போய்க் குடைஞ்சுக்கிட்டிருக்கே! கண்ணு எங்கேய்யா இருக்கு?"

பட்டறைக்குள் நாலு பேர் வண்டியோடு நிற்கிறோம். அத்தனை பேர் முன்னாலும் மெக்கானிக்குக்கு இந்த மரியாதை. கொடுத்தது வேறு யாருமில்லை, அவர் சம்சாரம்தான்.

மனுஷன் காலடியை விட்டு மேலே வந்தார். எஞ்சினின் மேல் மூடியைக் கழற்றினார். உள்ளே ரெண்டு திருகு திருகினார். டிக்கு டிக்கு போன இடம் தெரியவில்லை.

"என்ன பெரியவரே, வீட்டம்மாதான் இப்போ முதலாளியா?" என்று ஒருத்தன் இளித்தான். அவரும் சிரித்து வைத்தார்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை.

நாற்பது வருஷத் தொழில். மோட்டார் சைக்கிள், தண்ணீர் பம்ப், ஜெனரேட்டர், எதுவானாலும் நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை ஓடுகிற எஞ்சின் மேல் வைப்பார், கைப்பிடியைக் காதில் ஒட்டிக்கொள்வார். அவ்வளவுதான். வண்டி தன் வண்டவாளத்தை எல்லாம் கக்கிவிடும். ஒருமுறை என் வண்டி, நான் அதைப் பள்ளத்தில் போட்டதோடு, போடும்போது என்ன பாட்டுப் பாடிக்கொண்டிருந்தேன் என்பதையும் அவரிடம் கோள் சொல்லியிருக்கிறது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம்.

அப்பேர்ப்பட்டவருக்கு இந்த வயசில் இப்படி ஒரு கிரகம். வீடு பட்டறைக்குப் பின்னாலேயேதான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் காதில் விழாத எஞ்சின் இல்லை. ஆனாலும் பட்டறைப் பக்கம் எட்டிப் பார்த்தவள் இல்லை. இந்த ரெண்டு வருஷமாகத்தான் படியில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, வண்டிக்கொரு வசவு.

"மடையா! கடகடங்கிறது வலது பக்கம். இடது பக்கத்துல எதைத் தேடுறே, தொலைஞ்சுபோன புத்தியையா?"

மறுநாள் ஒரு பார்சல் கம்பெனி மேனேஜர் வருவதாக இருந்தது. நான்தான் இல்லாததும் பொல்லாததும் அளந்துவிட்டு அவரைச் சம்மதிக்க வைத்திருந்தேன். அவரிடம் பன்னிரண்டு வண்டி. ஒன்றைக் கொண்டு வருவார். கோளாறைச் சரியாகச் சொன்னால் பன்னிரண்டும் இங்கே. இல்லையென்றால் எதிரே புதிதாகத் திறந்திருக்கும் கண்ணாடிக் கதவு போட்ட மெக்கானிக் கடைக்கு. பாதி வாடிக்கை ஏற்கெனவே அங்கே போயாச்சு. இதுவும் போனால் பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான்.

காலையிலேயே போய்விட்டேன்.

"தங்கச்சி, இன்னிக்கு ஒரு நாள் அவரைத் திட்டாம இரும்மா."

"ஏண்ணே?"

"ஏனா? பொண்டாட்டியே மதிக்காதவனை வர்றவன் எப்படி மதிப்பான்?"

அவள் முகம் சுண்டிப்போனது. "என்னால அவருக்கு மரியாதை குறையுதாண்ணே?"

"குறையறதா? தரையில கிடக்குதும்மா, கூட்டி அள்ளலாம்!"

ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் வாசலில் வண்டி வந்து நின்றது. வாயை மூடிக்கொண்டாள்.

"ஏதோ சத்தம் வருது பெரியவரே. எங்கேன்னு மட்டும் சொல்லுங்க, போதும்" என்றார் மேனேஜர்.

எஞ்சின் ஓடியது. மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்தார். நிமிர்ந்து படியைப் பார்த்தார். அவள் உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இடம் மாற்றி வைத்தார். மறுபடியும் படியைப் பார்த்தார். அவள் பார்வை எஞ்சினின் இடது பக்கத்திலேயே குத்திட்டு நின்றது.

அவருக்கு வேர்த்துவிட்டது. எஞ்சினை நிறுத்தினார். ஸ்பானரை வலது பக்கத்து மூடியில் வைத்தார், உடனே எடுத்தார், துடைத்தார். துடைத்த ஸ்பானரையே திரும்பத் துடைத்தார்.

அவர் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்த மேனேஜர் சொன்னார்: "கை போயிடுச்சு போல. பேசாம அந்தக் கடைக்கே போயிருக்கலாம்."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. மெக்கானிக் திரும்பக்கூட இல்லை. மேனேஜர் சுற்றிக்கொண்டு முன்னால் வந்ததும் சிரித்த முகமாக, "பத்தே நிமிஷம் சார்" என்றார்.

பின்னால் நின்று சொன்னது அவர் காதில் விழவே இல்லை.

நான் வாயைத் திறந்தால் மூன்று தெருவுக்குக் கேட்கும். என்னிடம் அவர் என்றைக்கும் "என்ன?" என்று திருப்பிக் கேட்டதே இல்லை. பிறகு எனக்கு எப்படித் தெரியும்?

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. இந்த ரெண்டு வருஷத்தில் அவள் அவரை மடையன் என்றிருக்கிறாள், மரமண்டை என்றிருக்கிறாள், கண்ணு எங்கே, புத்தி எங்கே என்று கேட்டிருக்கிறாள். 'செவிடா' என்று மட்டும் ஒரு நாளும் சொன்னதில்லை.

மேனேஜர் சாவிக்காகக் கையை நீட்டினார்.

"தங்கச்சி!" என்று கத்தினேன். "வேடிக்கை பார்த்துக்கிட்டு இருக்கியே! உன் புருஷனை நல்லா நாலு வார்த்தை திட்டும்மா!"