கறுப்பு ஃபில்டர் மாட்டிய விளக்கு

ஸ்டூடியோவிலிருந்த ஃபிளாஷ் விளக்குக்குப் பெருமை தாங்காது. அது மின்னினால் கண்ணைச் சிமிட்டாத ஆள் கிடையாது.

அன்று வந்த கைக்குழந்தையோ ஒவ்வொரு மின்னலுக்கும் வீறிட்டு அழுதது. ஸ்டூடியோக்காரர் ஃபிளாஷின் முகத்தை, கண்ணுக்குத் தெரியாத ஒளியை மட்டும் வெளியே விடும் கறுப்பு ஃபில்டரால் மூடிவிட்டு, அந்த ஒளியையும் பிடிக்கும் அகச்சிவப்பு ஃபிலிமைக் கேமராவில் மாட்டினார். குழந்தை அம்மா தோளில் தூங்கியதும் பொத்தானை அழுத்தினார்.

ஃபிளாஷ் மூச்சைப் பிடித்துக்கொண்டு மின்னியது. ஒருவரும் சிமிட்டவில்லை.

“ஐயோ, நான் செத்துட்டேன் போலிருக்கே!” என்று அலறியது.

“கத்தாதே, புள்ள முழிச்சுக்கப் போவுது,” என்றது ஃபிலிம். “அவ கண்ணிமை முடிகூட எனக்கு ஒவ்வொண்ணாத் தெரியுது. எல்லாம் உன் வெளிச்சந்தான்.”

ஃபிளாஷ், “இன்னொரு தடவை மின்னட்டுமா?” என்று கிசுகிசுத்தது.