படகின் வலது ஓரம்

இப்போதெல்லாம் மூச்சு விடுவதற்குக்கூடப் பாடம் நடத்த ஆள் இருக்கிறது. அதற்குக் காசும் வாங்குகிறார்கள்.

முப்பத்தோரு வருடம் நான் கடலடியில் ரப்பர் குழாய் வழியே மூச்சு விட்டவன். பாறையில் ஒட்டிய அபலோன் சிப்பியைப் பெயர்த்து எடுக்கிற தொழில். மேலே படகில் என் மனைவி ஸ்டானா, காற்று அடிக்கும் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நிமிடத்துக்கு ஒருமுறை குழாயைச் சுண்டி இழுப்பாள். நான் பதிலுக்கு இழுத்தால் உயிரோடு இருக்கிறேன் என்று அர்த்தம்.

தொழிலை விட்டு நான்கு வருடம் ஆகிறது. அவள் விடவில்லை. நான் குளித்தால் கதவைத் தட்டுகிறாள். தூங்கினால் நெஞ்சில் கை வைத்துப் பார்க்கிறாள்.

பெர்த்தில் அவள் தங்கை படுத்த படுக்கை. தங்கை புருஷனோடு எனக்குப் பேச்சு இல்லை, நான் போகமாட்டேன். என்னைத் தனியே விட்டுப் போக அவளால் முடியவில்லை. நெஞ்சு அடித்துக்கொண்டு, இரண்டு முறை விமான நிலையத்திலிருந்து திரும்பி வந்துவிட்டாள்.

அதற்குத்தான் மெரடித். எங்கள் ஊர் போர்ட் லிங்கனில் மனநல ஆலோசகர். பயம் அலை மாதிரி, ஏறும், தானே இறங்கும், சண்டை போடாமல் மெதுவாக மூச்சு விட்டு உட்கார்ந்திரு என்றாளாம். அலையைப் பற்றி எங்களுக்கு!

படிப்படியாகப் பழக்கினாள். முதலில் குளியலறைக் கதவைத் தட்டாமல் இரண்டு நிமிடம். கடைசிப் படி இது: நான் கடலில் இறங்க வேண்டும். ஸ்டானா தண்ணீருக்கு முதுகு காட்டி ஐந்து நிமிடம் உட்கார வேண்டும். குழாயைத் தொடக் கூடாது.

"செத்துகித்துத் தொலைச்ச, கொன்னுடுவேன் கிழவா," என்றாள்.

இறங்கினேன். இரண்டு ஆள் ஆழம்தான்.

கீழே எல்லாம் பச்சை. பாசி ஒரு பக்கம் சாய்ந்தது, யோசித்தது, மறுபக்கம் சாய்ந்தது. பெரிய நீல மீன் ஒன்று வந்து, தெரிந்தவன்தான் என்பது போல என் முகத்தருகே நின்றது. வெயில் மணலில் வலை வலையாக நெளிந்தது. மேலே படகின் அடிவயிறு, மேகம் மாதிரி, நகராமல் நகர்ந்தது.

நிமிர்ந்து பார்த்தேன்.

படகின் வலது ஓரத்தில் ஒன்றும் இல்லை.

முப்பத்தோரு வருடம் அங்கே அவள் தொப்பியின் நிழல் இருந்தது. அதை நான் பார்த்ததாகவே நினைவில்லை.

கடிகாரம் ஒன்றரை நிமிடம் காட்டியது. என் மூச்சு எனக்கே பெரிதாகக் கேட்டது. குமிழிகள் கூட்டம் கூட்டமாக ஓடின. மீன் போய்விட்டது.

குழாயைச் சுண்டி இழுத்தேன். பதில் இல்லை. மறுபடி இழுத்தேன்.

மேலே வந்தபோது ஸ்டானா முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தாள். சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது.

"ரெண்டு நிமிஷந்தான் ஆச்சு. ஏன் வந்த?"

"தண்ணி குளிருது."

"நீ குழாயை இழுத்தது கால்ல உரசித் தெரிஞ்சுது, யூரே. ரெண்டு தடவை. நான் தொடல." அப்போதும் திரும்பவில்லை. "இன்னும் மூணு நிமிஷம் இருக்கு. கீழ போ."

நான் போகவில்லை. படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு தண்ணீரிலேயே கிடந்தேன். மீதி மூன்று நிமிடத்தையும் அவள் உட்கார்ந்து முடித்தாள்.

கரையில் இறங்கியதும் பெர்த்துக்கு டிக்கெட் போடச் சொன்னாள். பிறகு, "புதன்கிழமை மெரடித்கிட்ட நீயும் வரணுமாம். மொத நாளே சொல்லிட்டா," என்றாள்.

"எனக்கென்ன கேடு?"

குழாயைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு படகுத்துறைப் பலகையில் நடந்தேன். அந்த மெரடித், கடலில் தலையை நனைக்காத பெண். அவளுக்கு என்ன தெரியும்.