பாதிச் சம்பளத்தின் ஐந்து மாதம்

இருதயராஜ் கட்டைவிரலைத் திரையில் வைத்ததும், கடந்த மூன்று வருஷமாக அவன் வாங்கிய சம்பளமெல்லாம் மாதவாரியாக, ஆளெடுக்கும் வைதேகியின் மேசையில் விரிந்தது. வேலை கேட்டு வருகிற எல்லாரும் அப்படித்தான் காட்டியாக வேண்டும். அதில் எது மிகக் குறைந்த தொகையோ, அதுவே புது வேலையின் சம்பளம்.

அவன் கால் ஆடிக்கொண்டே இருந்தது.

"நல்லாத்தானே ஏறிட்டு வந்திருக்கு? போன வருஷம் அஞ்சு மாசம் மட்டும் ஏன் சார் பாதியா விழுந்திருக்கு?"

"ஒய்ஃப் ஆஸ்பத்திரியில இருந்தாங்க. பக்கத்துல உக்காந்தே வேலை பாக்கிறேன், பாதி போதும்னு நான்தான் கேட்டேன்."

"இப்ப எப்படி இருக்காங்க?"

"இல்ல."

வைதேகி குரலைத் தாழ்த்தினாள். "மெஷினுக்கு இதெல்லாம் தெரியாது சார். கீழ ஒரு கட்டம் இருக்கு பாருங்க, 'விருப்பமின்றி ஏற்றேன்'னு. அதைத் தொட்டா அந்த அஞ்சு மாசமும் கணக்குல வராது. எல்லாரும் தொடுறதுதான். யாரும் விசாரிக்க மாட்டாங்க."

அவன் விரல் கட்டத்தின் மேல் போய் நின்றது. ஆஸ்பத்திரிக் கட்டிலோரம் ஸ்டூலில் லேப்டாப். கண்ணை மூடித் தூங்குவதுபோல் நடித்துக்கொண்டே, மீட்டிங்கில் அவன் பேசும் இங்கிலீஷை மனைவி ஃப்ளோரா முணுமுணுத்துக் கேலி செய்த மத்தியானங்கள்.

"அது மனசார வாங்கினதுங்க" என்றான்.

"சார், பாதிச் சம்பளம். யோசிங்க."

"தெரியும்."

கட்டத்தைத் தொடாமல் விரலை நகர்த்திக் கையெழுத்துப் போட்டான். கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.