இரைச்சலை நீக்கியபோது

"முந்நூறு மேடைம்மா. ஒரு வசனம்கூட மறந்ததில்ல!" என்று மார்தட்டினார் இரும்புலியூர் நாடக நடிகர் வெற்றிவேல்.

நாடக ஆவணக் காப்பகத்திலிருந்து வந்திருந்த ஜெரூஷா லேப்டாப்பைத் திறந்தாள். "உங்க பழைய கேசட்டை டிஜிட்டல் பண்ணி, இரைச்சலை எல்லாம் எடுத்துட்டேன் சார். கேளுங்க."

ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் ஒரு பெண்குரல் கிசுகிசுத்தது. அதன் பிறகுதான் அவருடைய கர்ஜனை வந்தது.

வெற்றிவேல் அவசரமாகக் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். "அந்தக் கிசுகிசுப்பும் இரைச்சல்தாம்மா, எடுத்துடு."

"ஐயோ, அதுதான் சார் பொக்கிஷமே! திரைக்குப் பின்னாடி வசனம் எடுத்துக் கொடுத்தது யாரு? பேரைப் பதியணும்."

"யாரோ... ஞாபகமில்லியேம்மா."

சமையலறையிலிருந்து அதே குரல் கிசுகிசுத்தது: "என் தர்மபத்தினி ஹேமாவதி."

பழக்கதோஷம். வெற்றிவேல் எழுந்து நின்று கர்ஜித்தார்:

"என் தர்மபத்தினி ஹேமாவதி!"