மாமா பார்த்த டயர்

"இந்த டயரா? இத்த போட்டுகினு ஒரு வாய்க்கால் தாண்ட முடியுமா, சொல்லு!"

அம்பத்தூரில் கஜபதியின் டயர் கடையில் தேவராஜ் போட்ட சத்தத்துக்குப் பக்கத்து டீக்கடைக்காரரே எட்டிப் பார்த்தார்.

சண்முகசுந்தரம் தலையை ஆட்டி வைத்தான். வெளியே நின்ற சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் அவனுடையது. சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரர் விற்றுவிட்டுப் போனது. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் மிஷின் ஓட்டிச் சேர்த்ததெல்லாம் அதில்தான் போயிருந்தது. நாலு டயரும் வழுக்கை. ஞாயிற்றுக்கிழமை சோழவரம் கார் பந்தயத்தில் ஓட்ட நல்ல டயர் வேண்டும்.

அதைவிட முக்கியமாக, தேவராஜின் மகள் பேபி வேண்டும். "என் பொண்ணு உக்காரப் போற வண்டி. டயர நானே பாத்து எடுக்கிறேன். அப்பால கல்யாணத்தப் பத்திப் பேசலாம்" என்று சொல்லிவிட்டுத்தான் மனிதர் வந்திருந்தார். ஆவடியில் மிலிட்டரி வண்டி செய்யும் ஃபேக்டரியில் அவர் ஃபோர்மேன். அவரிடம் போய் டயரைப் பற்றி யார் எதிர்த்துப் பேசுவது?

கஜபதி பேசினார். "சார், இது சீமை டயரு. இந்த மாதிரி வண்டிக்குன்னே வந்தது. வளைவுல ரோட்ட அப்டியே புடிச்சுக்கும்."

"இன்னாத்துக்கு வளையணும்? எங்க வண்டிங்க எதிர்ல செவுரு வந்தாலும் நேரா போவும்!"

"அண்ணாத்தே, மாமா சொல்றத கேளுங்க" என்றான் சண்முகசுந்தரம் அவசரமாக.

தேவராஜ் மூலையில் கிடந்த தடி டயர் ஒன்றைக் காலால் தட்டினார். விரல் நுழையும் அளவுக்கு அதில் பள்ளம் பள்ளமாக இருந்தது.

"இது டயரு! சேத்துல எறங்கினாலும் ஏறி வரும்."

"சார், அது பாரம் ஏத்துற வேனுக்கு. ரிம்முல ஏறும். ஆனா ஸ்டியரிங்க ஒடிச்சா மட்கார்டுல ஒரசும்."

"ஆறு வருசமா ஃபேக்டரில கீறேன். எத்தினி வண்டி அனுப்பிகீறோம் தெரியுமா? ஒண்ணாவது பஞ்சர் ஆயி நின்னுச்சுன்னு எவனாவது சொல்லட்டும், பாக்கலாம்!"

கஜபதி கையிலிருந்த சீமை டயரைக் கீழே வைத்தார். "அப்டி இன்னா டயரு சார் போடுறீங்க?"

"அதெல்லாம் வெளில சொல்லக் கூடாது. சட்டம்."

சண்முகசுந்தரம் சீமை டயரை ஒருமுறை ஏக்கத்தோடு பார்த்தான். ஆனாலும் சிரித்துக்கொண்டே சொன்னான்: "தடி டயரே போடுங்க அண்ணாத்தே."

தேவராஜ் அவன் முதுகில் தட்டினார். "பெரியவங்க பேச்ச மதிக்கிற புள்ள. வைகாசியில வச்சுக்கலாம்!"

அன்று சாயங்காலம் கார் ஆவடி குவார்ட்டர்ஸ் வாசலுக்கு வந்து சேர்ந்தது. வந்தது என்று மரியாதைக்குச் சொல்லலாம். ஒவ்வொரு திருப்பத்திலும் டயர் மட்கார்டைக் கடிக்க, முன்னும் பின்னும் எடுத்து எடுத்து, நாலு மைல் வர ஒரு மணி நேரம் ஆகிவிட்டது.

ஆசையோடு ஓடிவந்த பேபி டயரைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"இன்னா இது கண்றாவி? பந்தயத்துக்குப் போறேன்னியே!"

"உங்க நைனா எடுத்துக் குடுத்தது. பந்தயம் போனா போவுது, உடு. அத்தினி மிலிட்டரி வண்டி செஞ்சவரு, அவருக்குத் தெரியாத டயரா?"

பேபி வீட்டுக்குள் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அட, உனக்கு யாரும் சொல்லலியா? அங்க செய்யறது டாங்கி. அதுக்கு ஏது டயரு, ரெண்டு பக்கமும் செயினுதானே!"